பிக்சாரின் விமர்சனக் கூட்டம்: எங்கே பலித்தது, எங்கே தவறியது

1993 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை. 'டாய் ஸ்டோரி'யின் ஸ்டோரி ரீலை அமெரிக்க அனிமேஷன் ஸ்டூடியோவான பிக்சாரின் குழு டிஸ்னி அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டியது. வரைந்த கட்டங்களை வரிசையாக அடுக்கி, தற்காலிகக் குரலும் இசையும் சேர்த்துப் படம்போல ஓடவிடுவதுதான் ஸ்டோரி ரீல். அதில் நாயகன் உட்டி மற்ற பொம்மைகளை அதட்டி உருட்டினான். புதிதாக வந்த பஸ் என்ற பொம்மையை வேண்டுமென்றே ஜன்னல் வழியே தள்ளிவிட்டான். பார்த்தவர்களில் ஒருவருக்கும் அவனைப் பிடிக்கவில்லை. டிஸ்னி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டது.

அந்தக் கெட்ட உட்டி பிக்சாரின் சொந்த விருப்பத்தில் பிறந்தவன் இல்லை. படத்தில் இன்னும் காரம் வேண்டும், பெரியவர்களும் ரசிக்க வேண்டும் என்று டிஸ்னியின் ஜெஃப்ரி காட்சன்பெர்க் தொடர்ந்து வலியுறுத்திவந்தார். சொன்னவர் பணம் போடுகிறவர். கேட்டவர்கள் முதல் முழுநீளப் படத்தை எடுப்பவர்கள். அப்படி உள்ளே வந்த திருத்தங்கள் எல்லாம் சேர்ந்து நாயகனையே மாற்றிவிட்டன. நிறுத்தியபின், 1994 தொடக்கத்தில், குழு தன் போக்கில் கதையைத் திருப்பி எழுதிக் கொண்டுவந்தது. அதே உட்டி இப்போது பொறாமைப்பட்டான், தவறினான், ஆனால் வெறுக்கவைக்கவில்லை. 1995 நவம்பர் 22-இல் படம் வெளியானது. முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீள அனிமேஷன் படம் அதுதான்.

பிக்சாரின் படைப்புப் பண்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சுதந்திரம், விளையாட்டுத்தனம், நட்பு என்று பேசுவார்கள். இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அதைவிடக் குறுகலான ஒரு கேள்வி: படத்தைப் பார்த்துக் குறை சொல்பவருக்கு அந்தப் படத்தின்மேல் அதிகாரம் இருக்கிறதா? அந்த ஸ்டூடியோ உயர்ந்த இடங்களும் சறுக்கிய இடங்களும் பெருமளவு இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன என்பது எங்கள் கணிப்பு.

பின்னணி

1979-இல் ஜார்ஜ் லூகாஸின் திரைப்பட நிறுவனமான லூகாஸ்ஃபிலிமின் கணினிப் பிரிவுக்குத் தலைவராக எட் கேட்மல் சேர்ந்தார்; பிற்பாடு பிக்சாரை நிறுவியவர்களில் ஒருவர் இவர். 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் லூகாஸ்ஃபிலிமுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்து அந்தப் பிரிவை வாங்கி, மேலும் 50 லட்சம் டாலர் முதலீடு போட்டு, சுமார் 40 பேருடன் பிக்சாரைத் தனி நிறுவனமாக்கினார். அப்போது அது கணினி விற்கும் கம்பெனி. அந்த வியாபாரம் எடுபடவில்லை. 1990-இல் வன்பொருள் பிரிவையே விற்றுவிட்டார்கள். 1991-இல் டிஸ்னியோடு மூன்று படங்களுக்கு ஒப்பந்தம். முதல் படம் வெளிவருவதற்குள் ஜாப்ஸின் கையிலிருந்து சுமார் 5 கோடி டாலர் போயிருந்தது. பின்னால் வரும் எதையும் இந்தப் பணத்தையும் பொறுமையையும் கழித்துவிட்டுப் படிக்கக்கூடாது.

அதிகாரம் இல்லாத அறை

'டாய் ஸ்டோரி' காலத்தில் அதன் இயக்குநர் ஜான் லாசெட்டர், ஆண்ட்ரூ ஸ்டான்டன், பீட் டாக்டர், லீ அங்க்ரிச், ஜோ ரான்ஃப்ட் ஆகிய ஐவரும் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்து முகத்துக்கு நேரே குறை சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பழக்கமே பிற்பாடு 'பிரெயின்ட்ரஸ்ட்' என்ற முறையான கூட்டமாக வளர்ந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை இயக்குநர் தன் படத்தின் அப்போதைய ரீலைக் காட்டுவார். படம் ஓடும், இடைவேளை விட்டு ஓர் அறையில் கூடுவார்கள், பேசுவார்கள். அறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாமே படம் இயக்கியவர்கள் அல்லது கதைப் பிரிவில் ஊறியவர்கள்.

விதி ஒன்றே ஒன்றுதான், அதுவே கடினமானது: அந்த அறையில் சொல்லப்படும் எதுவும் உத்தரவு இல்லை. எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது, எப்படிச் சரிசெய்வது என்பதெல்லாம் இயக்குநரின் முடிவு. இதைக் காப்பாற்ற கேட்மல் செய்த ஒரு காரியம், நிர்வாகப் பாடமாக எடுத்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. நிறுவனத்தின் உரிமையாளரான ஸ்டீவ் ஜாப்ஸை அந்தக் கூட்டங்களுக்கு வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் உள்ளே உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்பது காரணம். ஜாப்ஸ் ஒத்துக்கொண்டார். ஊழியர்கள் தைரியமாகப் பேச வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டும் முதலாளிகள் பலர் உண்டு. கதவுக்கு வெளியே நிற்கச் சம்மதிப்பவர் அரிது.

அதிகாரம் இல்லாத குறிப்பு எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு 'தி இன்க்ரெடிபிள்ஸ்' படத்தின் ஒரு காட்சியைப் பார்க்கலாம். இரவில் ரகசியமாக ஆட்களைக் காப்பாற்றிவிட்டுத் தாமதமாக வீடு திரும்பும் பாபுக்கும் மனைவி ஹெலனுக்கும் வாக்குவாதம். இருவரும் சூப்பர்ஹீரோக்கள். ரீலைப் பார்த்தவர்களுக்கு பாப் மனைவியை மிரட்டுவதுபோல் பட்டது. வசனத்தை மாற்றச் சொன்னார்கள். இயக்குநர் பிராட் பேர்ட் வசனத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தார். வசனம் சரியாகவே இருப்பதாகத்தான் அவருக்குத் தோன்றியது. ஆனால் குறை உண்மை. பிரச்சினை உருவத்தில் இருந்தது: பாப் மலைபோல நிற்கிறான், ஹெலன் சின்னதாகத் தெரிகிறாள். உடலை இழுத்து நீட்டுவதுதானே அவளுடைய சக்தி? வாக்குவாதத்தின் உச்சத்தில் அவள் எழும்பி அவன் உயரத்துக்கு நிற்கும்படி கட்டங்களைத் திரும்ப வரையச் சொன்னார். வசனம் அப்படியே இருந்தது, மிரட்டல் போய்விட்டது.

பார்த்தவர்கள் சொன்ன நோய் சரி, மருந்து தவறு. குறை சொன்னவர்களிடம் அதிகாரம் இருந்திருந்தால் வசனம் மாறியிருக்கும், காட்சி வலுவிழந்திருக்கும். 1993-இல் உட்டிக்கு நடந்தது அதுதான்.

மலிவான கட்டத்திலேயே தோற்பது

இந்த முறைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டோரிபோர்டு நிலையில், அதாவது காட்சி வெறும் வரைந்த கட்டங்களாக இருக்கும்போது, அதைத் தூக்கிப் போட்டால் வீணாவது ஓவியரின் சில நாள் உழைப்பு. அதே காட்சி லேஅவுட், அனிமேஷன், துணி–முடி சிமுலேஷன், லைட்டிங், ரெண்டர் (கணினி இறுதிப் படத்தைக் கணக்கிட்டு உருவாக்குவது) என்று எல்லாத் துறைகளையும் தாண்டியபின் போனால் பல பேருடைய வாரங்கள் போய்விடும். ஒரு நல்ல அனிமேட்டரிடமிருந்து வாரத்துக்கு வருவதே சில வினாடிக் காட்சிதான். அதனால் பிக்சார் ஆண்டுகள் போகப் போக வரைந்து எறிவதைக் கூட்டிக்கொண்டே போனது. 'எ பக்ஸ் லைஃப்' படத்துக்கு 27,565 ஸ்டோரிபோர்டுகள், 'ஃபைண்டிங் நீமோ'வுக்கு 43,536, 'ராட்டடூயி'க்கு 69,562, 'வால்-ஈ'க்கு 98,173. அனுபவம் கூடினால் வரைவது குறையும் என்றுதான் வெளியிலிருப்பவர் நினைப்பார். இங்கே நேர்மாறு.

அனிமேஷன் பிரிவுக்குள் இதே வேலையை டெய்லீஸ் என்ற அன்றாடப் பார்வைக் கூட்டம் செய்தது. முடியாத ஷாட்டை முடியாத நிலையிலேயே எல்லார் முன்னும் திரையில் போட்டுக் காட்ட வேண்டும். முதல் சில வாரம் கூச்சமாக இருக்கும். எல்லாருடைய வேலையும் அரைகுறையாகத் தெரிவதைப் பார்த்தபின் கூச்சம் விட்டுப்போகும். கைக்காசுக்குச் சமமான லாபம் இன்னொன்றும் உண்டு: பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொன்ன திருத்தம் தன் ஷாட்டுக்கும் பொருந்துவதை அனிமேட்டர் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

விவரத்தில் மயங்குவது அனிமேஷன்காரர்களின் தீராத வியாதி. 'மான்ஸ்டர்ஸ் இன்க்.' படத்தில் குழந்தை பூ ஒரு சிடி அடுக்கைச் சரிக்கும் காட்சி உண்டு. அடுக்கில் 90-க்கும் மேற்பட்ட சிடிகள். திரையில் தெரிவது சுமார் 3 வினாடி. கலைஞர்கள் ஒவ்வொரு சிடிக்கும் தனித்தனி அட்டையும், அதன் பரப்பு திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் ஷேடரும் செய்துவைத்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எங்கே நிறுத்தலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்படி யாரும் வைக்கவில்லை.

'தி இன்க்ரெடிபிள்ஸ்' தயாரிப்பாளர் ஜான் வாக்கர் இதற்குக் கண்டுபிடித்த வழி ஐஸ் குச்சி. ஒரு குச்சி என்றால் ஒரு ஆள் ஒரு வாரத்தில் செய்யும் வேலை. கையிருப்புக் குச்சிகளை எல்லாம் கதாபாத்திரவாரியாகச் சுவரில் வெல்க்ரோவால் ஒட்டிவைத்தார். ஒரு பாத்திரத்துக்குக் கூடுதல் வேலை வேண்டுமென்றால் இன்னொரு பாத்திரத்தின் வரிசையிலிருந்து இயக்குநரே குச்சியைப் பிடுங்கி வைக்க வேண்டும். தயாரிப்பாளர் 'முடியாது' என்று சொல்லவே வேண்டியதில்லை. எக்செல் தாளிலும் இதே எண்கள்தான் இருக்கும், ஆனால் அங்கே ஒரு எண்ணைக் கூட்டும்போது எது குறைகிறது என்று யார் கண்ணுக்கும் படாது.

'டாய் ஸ்டோரி 2': வெற்றியும் அதன் விலையும்

வீடியோவில் நேரடியாக வெளியிடும் படமாகத் தொடங்கி, 1998-இல் திரையரங்குப் படமாக மாறியது இது. 'எ பக்ஸ் லைஃப்' முடிந்து லாசெட்டர் ரீலைப் பார்த்தபோது கதை தட்டையாக இருந்தது. சேகரிப்பாளரிடம் சிக்கிய உட்டி, அருங்காட்சியகத்தில் என்றென்றைக்கும் பத்திரமாக இருப்பதா, ஒருநாள் கைவிடப்படுவோம் என்று தெரிந்தே தன் சொந்தக்காரச் சிறுவன் ஆண்டியிடம் திரும்புவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அவன் திரும்பிவிடுவான் என்பது பார்வையாளருக்கு முதலிலேயே தெரியும். தேர்வில் பாரமே இல்லை.

இரண்டு சேர்க்கைகள் அந்தப் பாரத்தைக் கொண்டுவந்தன. ஒன்று, தொடக்கத்திலேயே வரும் வீஸி என்ற பென்குவின்: குரல் கெட்டுப்போய் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது, பழுதான பொம்மைக்கு என்ன கதி என்று உட்டி நேரில் பார்க்கிறான். மற்றொன்று, தன்னை நேசித்த சிறுமி வளர்ந்ததும் கைவிடப்பட்ட ஜெஸ்ஸியின் முன்கதை. இவை வந்தபின் உட்டி அங்கேயே தங்கிவிட்டாலும் நியாயம்தான் என்று பார்வையாளர் நினைக்கத் தொடங்கினார். கதையின் முதுகெலும்பு மாறவில்லை. எதிர்த்தரப்பு வலுவானது, அவ்வளவுதான்.

ஆனால் வெளியீட்டுத் தேதி நகரவில்லை: 1999 நவம்பர். படத்தைப் பெரும்பாலும் புதிதாகச் செய்ய ஒன்பது மாதம்தான் இருந்தது. அந்த மாதங்களில் என்ன நடந்தது என்பதைக் கேட்மல் பிற்பாடு வெளிப்படையாகவே எழுதினார். படம் முடியும்போது ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கை, மணிக்கட்டு, தோள் என்று ஏதோ ஒரு தசை–நரம்பு வலி வந்திருந்தது. குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டிய ஓர் ஓவியர், களைப்பில் மறந்து, வாகன நிறுத்துமிடத்தில் காரிலேயே விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். மனைவி தற்செயலாகக் கேட்டதால் நினைவு வந்து ஓடினார்; மயங்கிக் கிடந்த குழந்தை பிழைத்துக்கொண்டது. இந்தப் படத்தை ஸ்டூடியோவின் வீரக்கதையாக மட்டும் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போகிறார்கள். ஆட்கள் தாமாக முன்வந்து உழைத்தார்கள் என்பது பதில் ஆகாது. தாமாக முன்வருகிறவர்களை நிறுத்துவது தலைமையின் வேலை. அன்று அதைச் செய்ய ஆள் இல்லை.

இதே படத்தில்தான் கோப்புகள் அழிந்த சம்பவமும். 1998-இல் யாரோ ஒருவர் திட்டத்தின் மூலக் கோப்பகத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டார். படத்தின் தொழில்நுட்பக் குழுவைச் சேர்ந்த ஓரன் ஜேக்கப்பும் உடனிருந்தவர்களும் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்டியின் தொப்பி போனது, பூட்ஸ் போனது, பிறகு உட்டியே போனான். சில நிமிடத்தில் படத்தின் சுமார் 90 சதவீதம் இல்லை. பேக்கப் டேப்பை எடுத்துப் பார்த்தால் அதுவும் சரியாகப் பதிவாகவில்லை. மீட்டெடுத்துப் பார்க்கும் சோதனையை யாரும் செய்து வந்திருக்கவில்லை. மேற்பார்வைத் தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மன் பிரசவத்துக்குப் பின் வீட்டிலிருந்து வேலை பார்த்ததால், அவருடைய வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் பெல்ட் மாட்டிக் கொண்டுவந்தார்கள்.

அதன்பின் நிர்வாகம் போட்ட பட்டியலில் மூன்றே வேலை: கோப்புகளை மீட்பது, பேக்கப்பைச் சரிசெய்வது, அழிக்கும் கட்டளையை எளிதில் எட்ட முடியாமல் செய்வது. தட்டியவர் யார் என்று தேடுவது பட்டியலில் இல்லை. ஆளைத் தேடியிருந்தால் அடுத்த தவறு நடக்கும்போது அதைச் சொல்ல யாரும் ஓடிவந்திருக்கமாட்டார்கள்.

முறை எங்கே தவறியது

முதலில் சின்ன விஷயம். பிக்சாரின் பெரிய கூட்ட அறையில் 13 ஆண்டுகள் ஒரு நீண்ட, அழகான மேசை இருந்தது. நடுவில் இயக்குநர், தயாரிப்பாளர், தலைவர்கள். அவர்களுக்குப் பெயர் அட்டை. ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் பேசவே இல்லை. நடுவில் இருந்தவர்களுக்கு அது தெரியவும் இல்லை. சதுர மேசை உள்ள சிறு அறையில் தற்செயலாகக் கூடியபோதுதான் வித்தியாசம் தெரிந்து மேசையை மாற்றினார்கள். சமத்துவத்தைப் பற்றி இவ்வளவு யோசித்த தலைமைக்கே தன் இருக்கையின் அதிகாரம் கண்ணில் படவில்லை.

2013 வாக்கில் படத்தின் செலவு ஏறியிருந்தது, ஊழியர்கள் மனம்விட்டுப் பேசத் தயங்கினார்கள். மார்ச் 11 அன்று ஸ்டூடியோவின் வழக்கமான வேலைகளை முழுவதும் நிறுத்தி 'நோட்ஸ் டே' நடத்தினார்கள். கேள்வி துல்லியமாக இருந்தது: 2017-இல் நம் படங்கள் 18,500 ஆள்–வாரத்துக்குள் (ஒரு ஆள் ஒரு வாரம் செய்யும் வேலை ஒரு ஆள்–வாரம்) முடிந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம், அதற்கு நாம் என்ன செய்திருப்போம்? எண் வைத்துக் கேட்டதால் பதில்களும் நடைமுறைக்கு ஒத்ததாக வந்தன. ஆனாலும் அதே ஆண்டு 'தி குட் டைனோசர்' படத்தின் இயக்குநர் மாற்றப்பட்டார், வெளியீடு 2015-க்குப் போனது, நவம்பரில் 67 பேர் வேலை இழந்தார்கள்.

இயக்குநரை மாற்றுவது இந்த முறையின் மறுபக்கம். 'ராட்டடூயி'யில் ஜான் பிங்காவாவுக்குப் பதில் பிராட் பேர்ட் வந்தார். 'பிரேவ்' படத்தில் 2010-இல் பிரெண்டா சாப்மன் நீக்கப்பட்டு மார்க் ஆண்ட்ரூஸ் வந்தார். குழு நம்பிக்கை இழந்துவிட்டால், அல்லது பல திரையிடலுக்குப் பிறகும் படம் நகராவிட்டால் மாற்றுவோம் என்பது ஸ்டூடியோவின் விளக்கம். அப்படியானால் 'உத்தரவு இல்லாத' கூட்டத்துக்குப் பின்னால் வேலையைப் பறிக்கும் கை ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. தாய்–மகள் உறவைத் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்து எழுதியவர் சாப்மன். அதைப் பறித்து ஓர் ஆணிடம் கொடுத்தது எவ்வளவு வேதனை என்று அவர் பகிரங்கமாக எழுதினார். தொடக்க ஐவரும் ஆண்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். பெண் ஒருவர் தனியாக இயக்கிய முதல் பிக்சார் முழுநீளப் படம், டோமி ஷியின் 'டர்னிங் ரெட்', 2022-இல்தான் வந்தது. நேர்மையாகப் பேசும் அறை என்றாலும், அறைக்குள் யார் இல்லையோ அவர்களுடைய அனுபவத்தைப் பற்றிய குறிப்பு அங்கே எழாது.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை லாசெட்டர். பிக்சாரை டிஸ்னி 740 கோடி டாலருக்கு வாங்கிய 2006 முதல் அவர் இரண்டு ஸ்டூடியோக்களுக்கும் படைப்புத் தலைவர். ஒரே ஆள் கருத்துக் கூட்டத்தின் உறுப்பினராகவும், இயக்குநரை அமர்த்தி நீக்கக்கூடியவராகவும் இருந்தார். 2017 நவம்பரில், தேவையற்ற அணைப்பாலும் நடத்தையாலும் சங்கடப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டு விடுப்பில் போனார். 2018 இறுதியில் வெளியேறினார். கதையைப் பற்றி எதையும் சொல்லலாம் என்றிருந்த இடத்தில் தலைவரின் நடத்தையைப் பற்றிச் சொல்ல வழி இருக்கவில்லை. அவர் இடத்துக்கு பீட் டாக்டர் வந்தார்.

ஊதியத்திலும் அதே கதை. ஒருவர் ஆளை ஒருவர் இழுப்பதில்லை என்ற நிறுவனங்களுக்கு இடையிலான உடன்பாடு தொடர்பாக 2010-இல் அமெரிக்க நீதித்துறை பிக்சார் உள்ளிட்ட ஆறு நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டு உடன்பாட்டுக்கு வந்தது. அனிமேஷன் ஊழியர்கள் தொடுத்த வழக்கில் 2017-இல் டிஸ்னி தரப்பு 10 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது. கலைஞரின் குரலை மதித்த நிறுவனம் அவருடைய சம்பளப் பேரத்தை மதிக்கவில்லை.

சிறு ஸ்டூடியோவில் இதை நடத்தினால்

20–30 பேர் உள்ள ஸ்டூடியோவுக்கு பிக்சாரின் பணமும் நான்காண்டு அவகாசமும் கிடையாது. கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஐந்திலிருந்து எட்டுப் பேர் போதும். முதலாளியும் வாடிக்கையாளரும் வேண்டாம். வாடிக்கையாளரின் திருத்தம் உத்தரவுதான், அதற்குத் தனிக் கூட்டம் வைத்து எழுத்தில் வாங்குங்கள். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் எது கட்டளை, எது கருத்து என்று இயக்குநர் குழம்பிவிடுவார்.

ரீலை நிறுத்தாமல் ஒருமுறை முழுதாக ஓட்டுங்கள். இளையவர் முதலில் பேசட்டும். மூத்தவர் வாய் திறந்தபின் மற்றவர்கள் அவர் பின்னாலேயே போவார்கள். ஒவ்வொரு குறிப்பும் எந்த இடம், அங்கே என்ன தோன்றியது என்ற இரண்டையும் சொல்ல வேண்டும்: 'மூன்றாவது காட்சியில் அவள் ஏன் கோபப்படுகிறாள் என்று புரியவில்லை' என்பது குறிப்பு, 'அங்கே ஒரு ஃபிளாஷ்பேக் போடலாம்' என்பது யோசனை. யோசனைகளைத் தனியாக எழுதிவையுங்கள். இயக்குநர் விளக்கம் கேட்கலாம், வாதாட வேண்டாம். குறித்துக்கொள்வது வேறொருவர் வேலை. கதை நிலையில் நிறம், கோடு பற்றிப் பேச்சு வந்தால் உடனே நிறுத்துங்கள். அடுத்த ரீலில் 'என் யோசனை எங்கே?' என்று யாரும் கேட்கக்கூடாது. குறை போயிற்றா என்பது மட்டுமே கேள்வி.

பேக்கப் ஓடுகிறதா என்று பார்ப்பது போதாது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஷாட்டைப் பேக்கப்பிலிருந்து வேறொரு கணினியில் மீட்டு, ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்து பாருங்கள். டெக்ஸ்சர் கோப்பின் (பொருளின் பரப்பில் ஒட்டும் படத்தின்) பாதை உடைந்திருப்பது அப்போதுதான் தெரியும்.

படம் முடிந்தபின் பிக்சார் நடத்தும் மீளாய்வில் ஒவ்வொருவரும் மறுபடி செய்ய வேண்டியவை ஐந்து, செய்யக்கூடாதவை ஐந்து என்று எழுதித் தருவார்கள். நல்லது ஐந்து கட்டாயம் என்பதால் கெட்டதைச் சொல்லவும் வாய் வருகிறது. சிறு ஸ்டூடியோவில் இதைப் படம் ஒப்படைத்த இரண்டு வாரத்துக்குள் வைத்துவிட வேண்டும். பிந்தினால் ஒப்பந்தக் கலைஞர்கள் வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள், ரிக்கிலும் (பாத்திரத்தை அசைக்கும் எலும்புக்கூட்டு அமைப்பு) கம்ப்பிலும் (படலங்களை ஒன்றாக்கி இறுதிப் படமாக்கும் வேலை) எங்கே நேரம் விரயமானது என்று தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.